வெள்ளிக்கிழமைச் சம்பளம்

“ஏன் கண்ணு, வெள்ளிக்கெழம அவ கையில ஏது காசு?”

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், எங்கள் பனியன் கம்பெனியில் தைத்த துணியைக் குறை பார்க்கிற செக்கிங் அக்கா ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் எழுதிய சிறுகதையை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு, என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடைசி வாய் தயிர்ச்சோற்றை வழித்துச் சாப்பிட்டு, தூக்குப்போசியின் மூடியை அழுத்திப் போட்டுவிட்டு, இதை மட்டும் கேட்டார். குறை சொல்கிற தொனியே இல்லை. அவருக்கு நிஜமாகவே அது தெரிய வேண்டியிருந்தது. என்னிடம் பதில் இல்லை.

கதை எழுதுவது எனக்குத் தொழில் கிடையாது. திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எழுத ஆரம்பித்தது 2020 ஊரடங்கில். கம்பெனி மூடிக் கிடந்தது. வீட்டில் பழைய டெலிவரி சலான் புத்தகங்கள் நாலைந்து இருந்தன. அவற்றின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில்தான் முதல் கதையை எழுதினேன். ஊரடங்கு முடிந்த பிறகும் எழுத்து நிற்கவில்லை. வேலை முடிந்து வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, பையனைத் தூங்க வைத்துவிட்டு, ஒன்பதே முக்காலுக்கு மேல் கிடைக்கிற ஒரு மணி நேரம் என்னுடையது. வாரத்துக்கு நாலு நாள் கிடைத்தால் பெரிது. வெள்ளிக்கிழமை கண்டிப்பாகக் கிடைக்காது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கதை எழுதுவதெல்லாம் பிறவியில் வர வேண்டும், கற்றுக்கொண்டு வராது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நன்றாக எழுதுகிறவர்களே சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒப்பாது. பாட்டுக் கற்றுக்கொள்கிற பிள்ளையிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லையே. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பிள்ளை சுருதி விலகினால் வாத்தியார் அங்கேயே நிறுத்துவார். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த, தைக்கிறவருக்கு உதவியாக நிற்கிற கைமடிப் பெண் துணியை மாற்றிப் பிடித்துக் கொடுத்தால், தைக்கிற அக்கா மிஷினை விட்டுக் காலை எடுக்காமலே அதட்டுவார். ஒரே வாரத்தில் அந்தப் பெண்ணுக்குக் கை பழகிவிடும். வேலை நேரம் போக வீட்டில் உட்கார்ந்து கதை எழுதுகிறவருக்கு அப்படி அதட்ட ஆள் இல்லை. வீட்டில் படித்துவிட்டு “நல்லாருக்கு” என்பார்கள். சிநேகிதிகள் இதயம் போட்டு அனுப்புவார்கள். அன்பில் சொல்வதுதான், ஆனால் எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது என்று அதில் தெரியாது. நான் மூன்று வருடம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

கைத்தட்டல் வாங்கிய வரி

அக்காவுக்கு வாசித்துக் காட்டிய கதை சாதாரணமாக வந்தது இல்லை. உள்ளூர்ப் போட்டி ஒன்றில் மூன்றாம் பரிசு வாங்கியது. கதை நடப்பது 2011 பிப்ரவரியில். அந்த ஜனவரிக் கடைசியில்தான் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடினார்கள். சாயக் கழிவால் நொய்யல் ஆறும் அதில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாடு இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீதியில் பாதி ஆண்கள் பட்டறை வேலைக்காரர்கள். பகல் பதினொரு மணிக்குத் திண்ணையில் ஆண்கள் உட்கார்ந்திருந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்தக் காட்சியைக் கதையாக்க வேண்டும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

நான் எழுதியது இதுதான். சரசு என்று ஒருத்தி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவன் சாயப்பட்டறையில் இருந்தவன், இப்போது வேலை இல்லை. வெள்ளிக்கிழமை மாலை, விளக்கு வைக்கிற நேரத்தில், சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு சரசு கடைவீதிக்குப் போகிறாள். மகளின் பிறந்தநாளுக்கு ஒரு கவுன் எடுக்கிறாள். மல்லிகைப்பூ ஒரு முழம் வாங்குகிறாள். வீட்டுக்கு வந்தால் கணவன் குடித்துவிட்டுக் கிடக்கிறான். மிச்சப் பணத்தையும் பிடுங்கிக்கொள்கிறான். சரசு கவுனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நொய்யல் பாலத்தில் போய் நின்று அழுகிறாள். மழை பெய்கிறது. முடிவில் ஒரு வரி வரும்: “உலகத்துக்கே உடை தைக்கும் ஊரில் அவள் மகளுக்கு ஓர் உடை இல்லை.” பரிசு கொடுக்கும்போது நடுவர் இந்த வரியை மேடையில் வாசித்தார். கைத்தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். பத்து மணிக்கு மேல் கண் எரிய எரிய உட்கார்ந்து எழுதிய வரிக்கு நூறு பேர் கைதட்டும்போது அழுகை வந்துவிடும்.

அந்தக் கைத்தட்டலுக்குப் பிறகு எட்டு மாதம் நான் எழுதியதெல்லாம் அந்த ஒரு வரியைப் போன்ற வரிகளைத் தேடித்தான். ஒரு பக்கத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்று பார்ப்பேன். அப்படி ஒரு வரி வரும்வரை ஆட்களைக் கதைக்குள் சும்மா நடக்க விட்டிருப்பேன். மகள் வருவாள், மாமியார் வருவார், பஸ் வரும். அந்த வரி வந்ததும் கதையை முடித்துவிடுவேன். எட்டு மாதத்தில் ஆறு கதை அப்படி. இன்று எடுத்துப் பார்த்தால் ஆறிலும் ஒரே பெண்தான் அழுகிறாள், இடம் மட்டும் வேறு.

கவர்

அக்காவிடம் கதையை வாசித்ததற்குப் பெரிய காரணம் இல்லை. “என்னமோ பரிசு வாங்குனயாமே, எனக்குப் படிச்சுக் காட்டு” என்று கேட்டார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங். அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பீஸை எடுத்ததும் உள்பக்கம் திருப்புவார். தோள், கை, பக்கவாட்டு என்று வரிசையாகத் தையலின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து லேசாக இழுப்பார். தையல் சரியாக விழாத இடத்தில் துணி சின்னதாக வாய் திறக்கும். அங்கே ஓர் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, திரும்பத் தைக்க வேண்டியவற்றைப் போடுகிற ஆல்ட்டர் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பீஸை எடுப்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. யார் தைத்தது என்று திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவர் கேள்வி கேட்டதும் நான் சொன்ன பதில், “கதைதானுங்களேக்கா.”

“கதைதான். அதுக்குன்னு வெள்ளிக்கெழம சம்பளம் போட்டுருவாங்களா?”

அவர் கை கழுவப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. கதையின் துக்கம் அவருக்கு எட்டவில்லை, ஒரு கிழமையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று நினைத்தேன். நடுவருக்குத் தெரியாததா இவருக்குத் தெரிந்துவிட்டது என்றுகூட மனசில் ஓடியது. அப்படி நினைத்ததை இப்போது எழுதவே சங்கடமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ராத்திரி நான் கம்பெனியில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? சம்பளம் போட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு வருடமாக என் வெள்ளிக்கிழமை ராத்திரி அதற்குத்தான். வியாழக்கிழமை வரை யார் யார் எத்தனை ஷிப்ட் என்று எடுக்க வேண்டும். எட்டரைக்கு வந்து ஐந்தரைக்குப் போனால் ஒரு ஷிப்ட், ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை. அதில் வாங்கிய அட்வான்ஸைக் கழிக்க வேண்டும். அப்புறம் யார் கவருக்கு எத்தனை ஐந்நூறு, எத்தனை நூறு, எத்தனை ஐம்பது, எத்தனை பத்து என்று தனித்தனியாக எழுதிக் கூட்டி, எந்த நோட்டு எவ்வளவு வேண்டும் என்று சீட்டு எழுத வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கவர்களை என் கையால்தான் கொடுப்பேன். வாங்கியதும் திருப்பிப் பார்க்காமல் ஜாக்கெட்டுக்குள் வைக்கிறவர் யார், அங்கேயே பிரித்து எண்ணுகிறவர் யார், ஓரத்தை மட்டும் கிழித்து நோட்டின் நிறத்தைப் பார்க்கிறவர் யார் என்று எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அப்படிப்பட்ட நான் சரசுவுக்கு வெள்ளிக்கிழமை சம்பளம் கொடுத்திருக்கிறேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று அந்தச் சம்பள நோட்டை வைத்துக்கொண்டே யோசித்தேன். தேதி தவறிப்போன விஷயம் இல்லை இது. வெள்ளிக்கிழமை என்று எழுதினால் கூடவே விளக்கு வரும், பூ வரும், ஒரு மங்கலம் வரும், அது உடைந்தால் துக்கம் கூடும். சனிக்கிழமைக்கு நான் படித்த கதைகளில் அப்படி ஒரு அழகு இருந்ததில்லை. என் கண்ணால் பார்த்த சனிக்கிழமையை விட, எங்கேயோ படித்த வெள்ளிக்கிழமை எனக்குக் கதைக்கு ஏற்றதாகப் பட்டிருக்கிறது. மழையும் அப்படித்தான். பிப்ரவரி மாதம் திருப்பூரில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், மழை அபூர்வம். அவள் அழுதாள், அதனால் வானமும் அழ வேண்டியிருந்தது. குடித்துவிட்டுக் கிடக்கிற கணவனும் அதே வழியில் வந்தவன்தான். எங்கள் வீதித் திண்ணைகளில் நான் பார்த்த ஆண்களில் குடித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் எனக்கு இன்றும் மறக்காதவர் ஒருவர்தான். பட்டறை மூடிய பிறகும் தினமும் காலையில் சோற்றுப் போசியோடு கிளம்பி, பூட்டிய கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவரைக் கதையில் விடாமல், சினிமாவில் பார்த்த குடிகாரனை விட்டிருந்தேன்.

சரி, அப்படியானால் வெள்ளிக்கிழமை அவள் கையில் ஏது காசு? அன்றிரவே எழுதிப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் தோன்றியது சுலபமான வழி, கிழமையைச் சனி என்று மாற்றிவிடுவது. மாற்றினேன். கேள்வி தீர்ந்துவிட்டது, கதை அப்படியே செத்துக் கிடந்தது. திரும்ப வெள்ளிக்கே மாற்றிவிட்டு, அவள் அட்வான்ஸ் கேட்டால் என்ன என்று பார்த்தேன். அட்வான்ஸ் கேட்டால் ஆபீசுக்குள் வர வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சரசு அந்த மாதம் ஏற்கெனவே வாங்கியிருப்பாள். பட்டறை மூடியதால் துணி சாயம் ஏற்ற வெளியூருக்குப் போய் வந்துகொண்டிருந்த நேரம், கம்பெனியில் ஷிப்ட்டே குறைவு. கொடுக்க மாட்டார்கள். வட்டிக்கு வாங்கலாம். வாங்கினால் கதை வட்டிக்காரரைப் பற்றியதாகப் போய்விடும். அப்புறம்தான் தோன்றியது: அவளுக்கு ஏன் வெள்ளிக்கிழமையே காசு வேண்டும்? ஒரு நாள் பொறுத்தால் சம்பளம் வந்துவிடுமே. பொறுக்க முடியாது என்றால், மகளின் பிறந்தநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டதும் சிநேகிதிகளைக் கூப்பிட்டிருக்கிறாள், காலையிலேயே புதுத்துணி போட்டுக்கொண்டாக வேண்டும். பிறந்தநாள் சனிக்கிழமை காலை. சம்பளம் சனிக்கிழமை மாலை.

இதை எழுதியபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நடுவில் இருப்பது பத்து மணி நேரம்தான். எட்டு மாதமாக நான் தேடியும் கிடைக்காத ஒன்று அந்தப் பத்து மணி நேரத்துக்குள் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு உலகத்தின் மேல் துக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பத்து மணி நேரத்துக்கு ஐந்நூறு ரூபாய் வேண்டியிருந்தது. அதை யாரிடம் கேட்பாள்? எதிர் மேசையில் நின்று பிசிர் வெட்டுகிறவளிடம். அவளிடம் இருக்குமா? இருக்கும், தூக்குப்போசி வைக்கிற துணிப்பையின் அடியில், மஞ்சள் துணியில் சுற்றி. அவள் அதை எதற்காக வைத்திருக்கிறாள்? தெரியாது. ஆனால் நாலாக மடித்த ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒரு பெண்ணின் கையிலிருந்து இன்னொரு பெண்ணின் கைக்குப் போய், மறுநாள் சாயங்காலம் திரும்பி வர வேண்டும். கதை அவ்வளவுதான். பாலம் போனது, மழை போனது. கைத்தட்டல் வாங்கிய வரியும் போக வேண்டியிருந்தது.

அந்த வரியை எடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. முதலில் முடிவிலிருந்து நடுவுக்கு நகர்த்தினேன். நடுவிலிருந்து தொடக்கத்துக்கு. மகளே சொல்வது போலக்கூட எழுதிப் பார்த்தேன். எங்கே வைத்தாலும், எதிர் மேசைக்காரி பையைத் திறக்கிற அந்த நிமிஷத்துக்குக் குறுக்கே அது வந்து நின்றது. அந்த வரி ஊரைப் பற்றிப் பேசுகிறது. நோட்டு மடிப்புப் பிரியாமல் கைமாறுகிற நேரத்தில் யாருக்கு ஊர் வேண்டும்? எடுத்துவிட்டேன்.

கணக்கு எழுதுகிற எனக்குக் கதைக்குள்ளும் கணக்கு இருக்கிறது என்பது புதிதாகத் தெரிந்தது அப்போதுதான். பழைய கதைகளை எடுத்து அந்தக் கண்ணோடு திரும்பப் படித்தேன். கு.அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை நம்மில் பலர் ஐந்தாறு முறையாவது படித்திருப்போம். அந்த வீட்டின் ஏழ்மையைப் பற்றி ஆசிரியர் தன் வாயால் பிரசங்கம் செய்வதே இல்லை. தீபாவளிக்கு யார் யாருக்கு என்ன துணி இருக்கிறது, யாருக்கு இல்லை என்கிற கணக்குத்தான் கதையின் அடியில் ஓடுகிறது. அப்பாவுக்கென்று எடுத்த துண்டு, வாசலில் வந்து நின்ற அநாதைப் பையனுக்குப் போகும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது என்றால், அந்த வீட்டில் வேறு புதுத் துண்டு கிடையாது என்று நமக்கு முன்பே தெரியும் என்பதால்தான். கணக்கில் ஒரு துண்டு கூடியிருந்தால் அந்தக் கதை இல்லை. இதை நான் முன்பு படித்தபோது அன்பு, கருணை என்று மட்டும் பார்த்திருந்தேன்.

மரம் பார்த்தது

இரண்டாவதாக எழுதியபோது வேறொரு சிக்கல் வந்தது. சரசுவின் மனசில் ஓடுவது எனக்குத் தெரியும். எதிர் மேசைக்காரியின் மனசும் தெரியும், கணவனுடையதும் தெரியும். மூன்றையும் எழுதினேன். எல்லாரும் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டே இருந்தார்கள், யாரும் எதையும் செய்யவில்லை. 1915இல் வ.வே.சு. ஐயர் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’ எனக்கு இங்கே கை கொடுத்தது. பள்ளிப் பாடம் மாதிரி எல்லாரும் பெயர் சொல்கிற கதை, அதனாலேயே நான் கவனித்துப் படிக்காமல் விட்டிருந்த கதை. அதில் கதை சொல்வது மரம். மரத்தால் கதாநாயகி ருக்மிணியின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. குளத்தங்கரையில் நடப்பதும் அங்கே வந்து பேசுகிறவர்கள் பேச்சில் காதில் விழுவதும்தான் அதன் கையிருப்பு. அந்தக் கட்டுப்பாட்டை நான் எனக்கு வைத்துக்கொண்டேன். செக்கிங் மேசையில் நிற்கிற ஒருவர் கண்ணுக்குத் தெரிவதையும் காதில் விழுவதையும் மட்டும் எழுதுவது. கணவன் கதையிலிருந்து கிட்டத்தட்ட மறைந்துபோனான். “இன்னைக்கும் கேட் வரைக்கும் போய்ட்டு வந்தாரு” என்று சரசு ஒரே ஒரு முறை சொல்வாள். குடிகாரனை வைத்து இரண்டு பக்கம் எழுதியதை விட அந்த ஒரு வாக்கியத்தில் அந்த மனிதர் எனக்கு நன்றாகத் தெரிந்தார்.

அந்த வாக்கியத்தைச் சொன்ன விதத்திலும் ஒன்று நடந்திருந்தது. முதல் கதையில் சரசு பேசியதெல்லாம் டிவி சீரியல் தமிழ். “என்னங்க, இப்படிப் பண்ணிட்டீங்களே!” எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கொங்குப் பேச்சை எழுதினால் கொச்சையாகத் தெரியுமோ என்று எனக்கு ஒரு பயம் இருந்திருக்கிறது. இத்தனைக்கும் ஆர்.சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ நாவலில் கொங்குக் குடியானவர்களை அவர்கள் பேச்சிலேயே பேசவிட்டது 1942இல். எனக்கு எண்பது வருடம் முன்னால் ஒருவர் தாண்டிவிட்ட வாய்க்கால் கரையில் நான் தயங்கி நின்றிருக்கிறேன்.

தாண்டியபோது முதலில் அளவு தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லையும் வாயில் வருகிற மாதிரியே எழுத்தில் உடைத்து எழுதினேன். வாசிக்கவே முடியவில்லை. மதுரைக்காரச் சிநேகிதி ஒருத்தி மூன்றாவது வரியிலேயே நிறுத்திவிட்டாள். அப்புறம் சத்தமாக வாசித்து வாசித்துக் குறைத்தேன். ‘கோணும்’ என்ற முடிவு ஓர் இடத்தில், ‘ங்’ என்று இழுப்பது ஓர் இடத்தில், ‘என்னுடைய’ என்பதற்கு ‘எம்பட’ ஒரே ஓர் இடத்தில். மற்றதெல்லாம் எல்லாருக்கும் புரிகிற பேச்சுத் தமிழ். வாக்கியத்தின் போக்கு எங்கள் ஊருடையதாக இருந்தால், மிச்சத்தைப் படிக்கிறவர் காதே போட்டுக்கொள்கிறது. சொல் மட்டும் சரியான சொல்லாக இருக்க வேண்டும். எதிர் மேசைக்காரி மஞ்சள் துணியில் வைத்திருந்த பணத்தை நான் ‘சேமிப்பு’ என்று எழுதியிருந்தேன். நாலாவது முறை வாசிக்கும்போது அந்தச் சொல் பல்லில் கல் மாதிரி பட்டது. அது சேமிப்பு இல்லை. சிறுவாடு. கணவனுக்கும் மாமியாருக்கும் தெரியாமல், காய்கறிக் காசில் மிச்சம் பிடித்து, அஞ்சறைப் பெட்டியிலும் அரிசி டப்பாவிலும் பெண்கள் ஒளித்துச் சேர்க்கிற காசு. ‘சிறுவாடு’ என்று மாற்றியதும், அதைத் தூக்கிக் கொடுக்கிறவள் எவ்வளவு பெரிய காரியம் செய்கிறாள் என்பதை நான் விளக்கி எழுதியிருந்த ஆறு வரிகள் தேவையில்லாமல் போயின. ஒரு சொல்லுக்குள் அந்த வீடே இருந்தது.

அட்வான்ஸ் நோட்டு

இதை எழுதும்போது ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. என் மேசையில் அட்வான்ஸ் நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் பெயர், தொகை, தேதி, அப்புறம் காரணம். பதினோரு வருடக் காரணங்கள். அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் கதை எழுதலாம். சரசுவின் கதை உயிர் பெற்றதும் என் கை தானாக அந்த நோட்டுக்குப் போனது. ஒரு ராத்திரி இரண்டு காரணங்களைத் தனித்தாளில் குறித்தும் வைத்தேன். மறுநாள் சனிக்கிழமை. அந்த இரண்டு பேரில் ஒருவர் கவர் வாங்க வந்து என் முன்னால் நின்றபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் அந்தக் காரணத்தைச் சொன்னது காசுக்காக, வேறு வழியில்லாமல், கதவைச் சாத்திவிட்டு, கணக்கு எழுதுகிற ஒருத்தியிடம். கதை எழுதுகிறவளிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். பெயரை மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் மாதிரி ஐம்பது பேர் வேலை செய்கிற இடத்தில் பெயரை மாற்றினால் யாருக்கும் தெரியாதா? அந்த நோட்டிலிருந்து எதையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இதனால் சில நல்ல கதைகள் எனக்குக் கிடைக்காமல் போகலாம். போகட்டும்.

வெளியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நடப்பது வேறு. கவரை எப்படி வாங்குகிறார்கள், நோட்டை எப்படி மடிக்கிறார்கள், சாப்பிடும்போது யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள். அது எனக்குப் போதுமானதாக இருக்கிறது. மிச்சத்தை நான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். யோசிப்பதுதான் கஷ்டம், அதைத்தான் பழக வேண்டியிருக்கிறது. சரசு வெள்ளிக்கிழமை ராத்திரி கவுனை எங்கே ஒளித்து வைத்தாள்? மகள் கேட்டால் என்ன சொல்வாள்? கடன் கொடுத்தவள் அன்று ராத்திரி தூங்கினாளா? இதெல்லாம் கதையில் ஒரு வரியாகக்கூட வராது. ஆனால் அக்கா கேட்டால் எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். இப்போது எந்தக் கதை எழுதினாலும் அனுப்புவதற்கு முன் அவர் கேட்கக்கூடிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். அன்றைக்கு என்ன கிழமை, கையில் எவ்வளவு இருந்தது, மத்தியானம் என்ன சாப்பிட்டாள், செருப்பு அறுந்திருந்ததா.

புதுக்கதையை முடிக்க ஐந்து மாதம் ஆனது. பன்னிரண்டு பக்கம் இருந்தது ஏழாகக் குறைந்தது. முடித்ததும் அக்காவிடம்தான் முதலில் எடுத்துப் போனேன். அதே சாப்பாட்டு இடம். நான் வாசிக்க வாசிக்க அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, எதிர் மேசைக்காரி பையைத் திறக்கிற இடத்தில், “எம்பட கதையா இது?” என்றார். இல்லைங்க்கா என்றேன். “இருந்தாலும் பரவால்ல, படி” என்றார்.

கடைசிப் பத்தியில் சனிக்கிழமை சாயங்காலம் சரசு கவரை வாங்குகிறாள். உள்ளே இருப்பது புது நோட்டு, மடிப்பே விழாதது. அவள் அதை நாலாக மடிக்கிறாள். மடித்து, எதிர் மேசைக்குப் போய், பிசிர் வெட்டுகிற கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புகிறாள். முதல் நாள் நோட்டு நாலாக மடித்து வந்தது, அதனால் இதுவும் அப்படியே போகட்டும் என்று ஓர் ஒழுங்குக்காகத்தான் நான் அப்படி எழுதியிருந்தேன்.

அக்கா தலையாட்டினார். “மடிச்சுத்தான் வெக்கோணும். விரிச்சு வெச்சா அடுத்த டேபிள்ல பாத்துப்போடுவாங்கல்ல. குடுத்தவகிட்டக் காசு இருக்குதுன்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சு போயிரும். நாளைக்கு அவ வீட்டுக்காரன் காதுக்குப் போனா?”

பெல் அடித்தது. அவர் போசியைக் கழுவிக்கொண்டு மேசைக்குப் போய்விட்டார். நான் அந்தப் பத்தியைத் திரும்ப ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.